வற்றும் கண்கள், விற்கும் சொட்டுகள்

ஓ.எம்.ஆர். அலுவலகங்களிலிருந்து மாமல்லபுரம் சிற்பக்கூடங்கள் வரை கண் எரிச்சல் அன்றாடப் பேச்சாகிவிட்டது. கண் உலர்வு நோயை எப்படிப் புரிந்துகொள்வது? எப்படிச் சமாளிப்பது? கையில் இருக்கும் சொட்டு மருந்தை எவ்வளவு தூரம் நம்புவது?

இரவு ஒன்பதரை மணி. சிறுசேரி சிப்காட்டிலிருந்து கம்பெனி பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் பழைய மாமல்லபுரம் சாலையில் திரும்புகின்றன. படூர் பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் ஓர் இளம்பெண் வந்து நிற்கிறார். உள்ளங்கையால் வலது கண்ணை அழுத்தித் தேய்த்தபடியே, “அண்ணா, கண்ணு ஒரே எரிச்சல். தண்ணியா வேற ஊத்துது. ஒரு டிராப்ஸ் குடுங்களேன்” என்கிறார்.

“எவ்வளவு நாளா இருக்கும்மா?”

“ரெண்டு மாசமா. போன தடவை குடுத்தீங்களே, அதையே குடுங்க. போட்டா சிவப்பு உடனே போயிடுது. மறுநாளே திரும்ப வந்துடுது.”

கடைக்காரர் பின்னால் திரும்பி ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வைக்கிறார். பாக்கிச் சில்லறை வருவதற்குள் அந்தப் பெண் மூடியைத் திருகி, அண்ணாந்து, ஒரு சொட்டுக்குப் பதில் நான்கு சொட்டு விட்டுக்கொள்கிறார். சீசாவின் நுனி இமை மயிரில் உரசுகிறது. கன்னத்தில் வழிந்ததைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார்.

கேளம்பாக்கம், திருப்போரூர், மறைமலை நகர், செங்கல்பட்டு பஸ் நிலையம் என்று எங்கே போய் நின்றாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். இதில் ஒவ்வொரு அசைவும் கவலை தருகிறது. இரண்டு மாதமாகத் தொடரும் உபாதைக்கு என்ன காரணம் என்று யாரும் பார்க்கவில்லை. சிவப்பை மட்டும் மறைக்கும் மருந்து கைக்கு வந்திருக்கிறது. கண்ணைத் தொடக் கூடாத நுனி கண்ணைத் தொட்டுவிட்டது. கண்ணில் விடும் சொட்டும் ஊசி மருந்தைப் போலக் கிருமி நீக்கப்பட்டதாக இருந்தாக வேண்டும் என்ற நினைப்பு வாங்குகிறவருக்கும் இல்லை, விற்கிறவருக்கும் இல்லை. இதே சாலையில் இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் வரும் ஆலத்தூரில், அந்த நினைப்பு எவ்வளவு அவசியம் என்பதற்கு 2023-இல் உலகமே பேசிய சாட்சி ஒன்று இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

கடற்கரையில் எப்படி வறட்சி?

கோவளத்தில் பத்து நிமிடம் நின்றால் சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். காற்றில் அவ்வளவு ஈரம். இந்த ஊரில் கண் எப்படி வறளும் என்று கேட்பது நியாயமான கேள்விதான்.

கண்ணின் மேல் எப்போதும் ஒரு கண்ணீர்ப் படலம் பரவி நிற்கிறது. அடியில் கண்ணோடு பிடித்துவைக்கும் சளித் தன்மையுள்ள பசை, நடுவில் நீர், மேலே மெல்லிய கொழுப்பு. ரசத்தின் மேல் மிதக்கும் எண்ணெய் ஆவியைத் தடுக்கிற மாதிரி, இந்தக் கொழுப்புதான் அடியில் இருக்கும் நீரைக் காக்கிறது. அதைச் சுரப்பவை இமை ஓரத்தில் வரிசையாக இருக்கும் மைபோமியன் சுரப்பிகள். 1666-இல் இவற்றை விரிவாக எழுதிவைத்த ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிஷ் மைபோமின் பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. மேலிமையில் சுமார் 25 முதல் 40, கீழிமையில் 20 முதல் 30 சுரப்பிகள். ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் இவை பிழியப்பட்டுக் கொழுப்பு கண்மீது பரவுகிறது.

நீர் சுரப்பது குறைந்தால் ஒரு வகை உலர்வு. நீர் போதுமான அளவு இருந்தும் கொழுப்புச் சரியில்லாமல் சீக்கிரம் ஆவியாகிப் போனால் இன்னொரு வகை. இரண்டும் கலந்து வருவதும் உண்டு. இவற்றில் ஆவியாகும் வகைதான் அதிகம். கோவளத்துக் காற்றில் ஈரம் இருக்கலாம். ஆனால் அந்தப் பெண்ணின் கண் பகல் முழுக்க இருந்தது ஏ.சி. காற்றில், திரைக்கு முன்னால்.

ஜப்பானியக் கண் மருத்துவர் கசுவோ சுபோதாவும் அவருடன் ஆய்வு செய்தவரும் 1993-இல் வெளியிட்ட ஒரு கணக்கு இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்குச் சராசரியாக 22 முறை இமைக்கிற கண், புத்தகம் படிக்கும்போது 10 முறையும் கணினித் திரையைப் பார்க்கும்போது 7 முறையும்தான் இமைத்தது. செல்போன் கைக்கு வராத காலத்துக் கணக்கு இது. செங்கல்பட்டிலிருந்து கடற்கரை நிலையத்துக்குக் கிளம்பும் காலை மின்சார ரயிலில் எதிரே இருப்பவரின் இமைகளைக் கவனித்துப் பாருங்கள். இமைத்தாலும் பாதிதான் மூடுகின்றன. பாதி மூடினால் சுரப்பி பிழியப்படாது, கண்ணின் கீழ்ப்பகுதி காய்ந்தே கிடக்கும்.

“கண்ணில் தண்ணீராக ஊற்றுகிறது, அப்புறம் எப்படி வறட்சி?” என்று நோயாளிகள் மருத்துவரிடம் சண்டைக்கே போவார்கள். கண்ணின் மேற்பரப்பு காய்ந்து உறுத்தும்போது நரம்புகள் அபாயம் என்று தகவல் அனுப்புகின்றன. கண்ணீர்ச் சுரப்பி மொத்தமாக நீரைக் கொட்டுகிறது. பசையும் கொழுப்பும் போதாத அந்த நீர் நிற்காமல் வழிந்துவிடுகிறது. நீர் வடிவதே வறட்சிக்கு அடையாளம் ஆகிவிடுகிறது.

-----------------------------
பெட்டிச் செய்தி: ஒரு சொட்டின் கணக்கு

• கண்ணில் இயல்பாக இருக்கும் கண்ணீர் சுமார் 7 மைக்ரோலிட்டர். சீசாவிலிருந்து விழும் ஒரு சொட்டு ஏறத்தாழ 30 முதல் 50 மைக்ரோலிட்டர். கண்ணால் ஒரு சொட்டைக்கூட முழுசாகப் பிடித்துவைக்க முடியாது. இரண்டாவது சொட்டு கன்னத்துக்குத்தான்.

• இரண்டு வகைச் சொட்டு மருந்து போடுகிறவர்கள் நடுவில் ஐந்து நிமிடமாவது இடைவெளி விட வேண்டும்.

• ஓ.எஸ்.டி.ஐ. என்பது 12 கேள்விகள் கொண்ட பட்டியல். மதிப்பெண் 0 முதல் 100 வரை. 13-ம் அதற்கு மேலும் வந்தால் கண் உலர்வு இருக்கலாம், பரிசோதனை தேவை.

• டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவமனைக்கு வந்த 15,625 பேரில் 32 சதவீதத்தினருக்கு இந்தக் கேள்விப் பட்டியலின்படி கண் உலர்வு தெரிந்தது.
-----------------------------

யார் யாருக்கு வருகிறது?

கணினி வேலை செய்கிறவர்களின் நோய் என்று மட்டும் இதை எழுதிவிட்டுப் போவது செங்கல்பட்டு மாவட்டத்துக்குச் செய்யும் அநியாயம்.

மாமல்லபுரத்தில் ஐந்து ரதத்துக்குப் போகும் வழியில் இரண்டு பக்கமும் சிற்பக்கூடங்கள். உளிச் சத்தத்தைவிட இப்போது கிரைண்டர் சத்தம்தான் அதிகம் கேட்கிறது. உளி கல்லைச் சில்லுச் சில்லாகப் பெயர்த்தது; சக்கரம் அதையே மாவாக்கிவிடுகிறது. கருங்கல்லில் கட்டரை வைத்ததும் வெள்ளைப் புகை மாதிரி தூள் எழும்பி, வேலை செய்கிறவரின் புருவத்திலும் இமை மயிரிலும் படிந்து நரை விழுந்தது போல ஆக்கிவிடும். 2017-இல் மாமல்லபுரம் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 1957 முதல் சிற்பக் கலைக்கு இங்கே அரசே கல்லூரி நடத்துகிறது. அவ்வளவு பெருமைக்குரிய தொழிலில் இருப்பவர்கள் கண்ணுக்கு ஒரு பாதுகாப்புக் கண்ணாடிகூட இல்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது மனம் ஆறவில்லை. கண்ணாடி போட்டால் வியர்வையில் மங்கிவிடுகிறது, கோடு தெரியவில்லை என்பது அவர்கள் சொல்லும் காரணம். அது உண்மையும்கூட. பக்கங்களில் காற்றுத் துளை உள்ள, ஆவி படியாத கண்ணாடிகள் கடையில் கிடைக்கின்றன. அதை வாங்கித் தருவது யார் பொறுப்பு என்பதில்தான் எல்லாம் நின்றுவிடுகிறது.

தூள் படலத்தைக் கெடுக்கிறது. படலம் கெட்ட கண்ணில் அடுத்த தூள் சுலபமாகக் கீறுகிறது. சில்லு தெறித்தால் பக்கத்தில் இருப்பவர் துண்டு நுனியால் எடுத்துவிடுவார். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆகிற சில சமயங்களில் கருவிழியில் புண் வந்து, கண்ணில் பூ விழுந்துவிடும். மதுரை மாவட்டத்தில் கருவிழிப் புண் ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்கு வருகிறது என்று 1996-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அமெரிக்காவில் ஒரு வட்டாரத்தில் எடுத்த கணக்கைப் போலப் பத்து மடங்கு அது.

நெம்மேலி, பட்டிபுலம், தேவநேரி, கொக்கிலமேடு என்று குப்பங்களில் விடிவதற்குள் ஃபைபர் படகில் கிளம்புகிறவர்களின் கதை வேறு. எதிர்க்காற்றும், அலையில் பட்டுத் திரும்பும் வெயிலும் வருடக்கணக்கில் கண்ணைச் சுட்டால், மூக்குப் பக்க வெள்ளைவிழியிலிருந்து கருவிழியை நோக்கிச் சதை வளர்கிறது. மீனவர்களிடம் இது சாதாரணம். சதை வளர்ந்த கண்ணில் கண்ணீர் சீராகப் பரவாது. உறுத்தலும் சிவப்பும் கூடவே வரும்.

விறகு அடுப்பும் கண்ணுக்கு எதிரிதான். அதைவிட அதிகம் பேசப்படாதது வயது. மாதவிடாய் நிற்கும் காலத்துப் பெண்களுக்கு ஹார்மோன் மாற்றத்தால் கண்ணீரும் கொழுப்பும் குறைகின்றன. நாற்பதைத் தாண்டிய பெண் “கண் எரியுது” என்றால், “செல்போனைக் குறை” என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அவருக்கு வாயும் வறண்டு, இட்லியைக்கூடத் தண்ணீர் இல்லாமல் விழுங்க முடியாமல், விரல் மூட்டுகளும் வலித்தால் அது ஷோகிரன் நோயாக இருக்கலாம். ஸ்வீடன் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரன் 1933-இல் விவரித்த இந்த நோயில் உடலின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்குகிறது. வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இதற்குக் கண் மருத்துவர் மட்டும் போதாது, மூட்டு நோய் மருத்துவரும் வேண்டும்.

அடுத்து சர்க்கரை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு சென்னையிலிருந்து நடத்தப்பட்டு 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி தமிழ்நாட்டில் 14.4 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருக்கிறது. நீண்ட நாள் சர்க்கரை கருவிழி நரம்புகளை மரத்துப்போகச் செய்கிறது. கண் காய்ந்து போயிருக்கும், எரிச்சலே தெரியாது. வலி இல்லை என்று அவர்கள் நிம்மதியாக இருப்பதுதான் எனக்கு அதிக பயத்தைத் தருகிறது.

சளி, அலர்ஜிக்கு விழுங்கும் மாத்திரைகள், சில மனச்சோர்வு மருந்துகள், பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெடினாயின், கண் அழுத்தத்துக்கான சொட்டுகள் ஆகியவையும் கண்ணை உலர்த்தும். லேசர் செய்துகொண்டு கண்ணாடியைக் கழற்றியவர்களுக்கும், கண்புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கும் சில மாதங்கள் உலர்வு இருக்கும். ஆபரேஷன் கெட்டுப்போய்விட்டது என்று பயந்து வீட்டில் சுருண்டு கிடக்கும் தாத்தா பாட்டிகளுக்கு இதை யாராவது முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ஆலத்தூர்: ஒரு சீசாவின் பயணம்

திருப்போரூரைத் தாண்டி மாமல்லபுரம் போகும் வழியில் ஆலத்தூர் சிட்கோ மருந்துத் தொழிற்பேட்டை. அங்கே இருந்த குளோபல் பார்மா ஹெல்த்கேர் நிறுவனம் கண் உலர்வுக்கான செயற்கைக் கண்ணீர் தயாரித்து அமெரிக்காவுக்கு அனுப்பியது. அதிலிருந்த மருந்து கார்பாக்ஸிமெதில் செல்லுலோஸ். நம் ஊர்க் கடைகளிலும் தினமும் விற்கும் அதே சாதாரணப் பொருள். அரு பார்மா என்ற நிறுவனம் இறக்குமதி செய்தது. எஸ்ரிகேர், டெல்சம் என்ற பெயர்களில் விற்பனை ஆனது. தன் பங்கு வெளி லேபிளை வடிவமைத்ததும் சந்தைப்படுத்தியதும் மட்டுமே என்று எஸ்ரிகேர் பிற்பாடு சொன்னது. கண்ணில் விடும் மருந்தின் பெட்டியில் பெயர் போட்ட நிறுவனம் சொன்ன சொல் இது.

2022 மே மாதத்திலிருந்து அமெரிக்காவில் வெவ்வேறு மாநிலங்களில் ஒரே வகை சூடோமோனாஸ் கிருமி நோயாளிகளிடம் தென்பட ஆரம்பித்தது. கடைசிப் புகலிடமாக வைத்திருக்கும் ஆன்டிபயாட்டிக்குகளுக்கும் மசியாத ரகம். அந்த நாட்டில் அதற்கு முன் பதிவாகாத ரகமும்கூட. நோயாளிகளுக்குள் என்ன தொடர்பு என்று துருவிப் பார்த்தபோது பலரும் செயற்கைக் கண்ணீர் போட்டவர்கள் என்று தெரிந்தது. அதிகம் பேர் சொன்ன பெயர் எஸ்ரிகேர். நோயாளிகள் பயன்படுத்திய சீசாக்களில் அதே கிருமி கிடைத்தது.

2023 மே மாதம் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட கணக்கு: 18 மாநிலங்களில் 81 பேர் பாதிப்பு. 14 பேருக்குப் பார்வை போனது. 4 பேருக்குக் கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று. 4 பேர் இறந்தார்கள்.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் சுட்டிய குறைகளில் ஒன்றை வாசகர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். திரும்பத் திரும்பத் திறந்து மூடும் சீசாவில், போதுமான பதப்படுத்தி இல்லாமல் மருந்தை அடைத்து விற்றார்கள் என்பது அது. ‘பிரிசர்வேட்டிவ் ஃப்ரீ’ என்று பெட்டியில் போட்டால் நல்ல மருந்து என்று நாம் நினைக்கிறோம். அந்தச் சொல் நல்லதாக இருக்க வேண்டுமானால் மருந்து ஒரு முறை போட்டுத் தூக்கி எறியும் சின்னக் குப்பியில் இருக்க வேண்டும், அல்லது காற்றும் கிருமியும் உள்ளே திரும்பாத வால்வு வைத்த சீசாவில் இருக்க வேண்டும். சாதாரண சீசாவில் பதப்படுத்தி இல்லாத மருந்து என்றால் திறந்த நாளிலிருந்து அது கிருமிக்குத் தொட்டில்.

-----------------------------
பெட்டிச் செய்தி: நடந்தது என்ன?

2023 ஜனவரி: எஸ்ரிகேர் சொட்டு மருந்தை நிறுத்தும்படி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவுரை.

2023 பிப்ரவரி 2: அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் பொது எச்சரிக்கை. நிறுவனம் சொட்டு மருந்தைத் திரும்பப் பெறுகிறது. அதே மாதக் கடைசியில் ஒரு கண் களிம்பும் திரும்பப் பெறப்படுகிறது.

2023 பிப்ரவரி 3 இரவு: மத்திய, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் ஆலத்தூர் ஆலைக்குள் நுழைந்து சோதனை.

2023 பிப்ரவரி 20 – மார்ச் 2: அமெரிக்க அதிகாரிகள் ஆலையில் ஆய்வு. 11 குறைபாடுகள் பதிவு.

2023 டிசம்பர் 28: மருந்து ஆலைகளுக்கான தர விதிகளை இறுக்கி, திருத்திய ‘ஷெட்யூல் எம்’ அறிவிக்கையை இந்திய அரசு வெளியிடுகிறது. ஆண்டு விற்றுமுதல் 250 கோடி ரூபாய்க்குக் கீழே உள்ள ஆலைகளுக்குக் கூடுதல் அவகாசம் கொடுக்கப்பட்டது.
-----------------------------

ஆலையில் இருந்த மாதிரிகளைச் சோதித்த தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, அவற்றில் மாசு இல்லை என்றது. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கிருமி நீக்கத்துக்கு உத்தரவாதம் இல்லாத முறையில் மருந்து தயாரானது என்பதே அமெரிக்க ஆய்வறிக்கையின் மையமான குற்றச்சாட்டு. அதை எதிர்த்து நிற்க மாதிரிச் சோதனை போதாது. பத்து சீசா சுத்தமாக இருந்தால் பதினோராவதும் சுத்தமாக இருக்கும் என்று மருந்தில் யாரும் பேச முடியாது.

இந்தச் செய்தி சில வாரங்கள் தலைப்பில் ஓடிவிட்டு நின்றுபோனது. ஆலத்தூர்ப் பேட்டையில் வேறு பல மருந்து ஆலைகள் ஒழுங்காக இயங்குகின்றன. அவற்றின் பெயரும் சேர்ந்து அடிபட்டது. விலகிப்போன ஏற்றுமதி ஆர்டரைப் பற்றி நிறையப் பேசினோம். உள்ளூர்க் கடையில் விற்கும் கண் சொட்டுகளை எத்தனை முறை எடுத்துச் சோதிக்கிறார்கள், முடிவை எங்கே போட்டு வைக்கிறார்கள் என்ற கேள்வியை அப்போதே உரக்கக் கேட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இந்த விவரத்தை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மாதா மாதம் மக்கள் பார்க்கும்படி தமிழில் வெளியிட வேண்டும் என்பது என் கருத்து.

அலமாரியில் இருப்பவை எல்லாம் ஒன்றல்ல

மருந்துக் கடையில் ‘கண்ணுக்கு டிராப்ஸ்’ என்று கேட்டால் நான்கு வெவ்வேறு ஜாதி மருந்தில் எது வேண்டுமானாலும் கைக்கு வரும்.

முதலாவது செயற்கைக் கண்ணீர். கார்பாக்ஸிமெதில் செல்லுலோஸ், ஹைட்ராக்ஸிபுரோபில் மெதில் செல்லுலோஸ், சோடியம் ஹயலுரோனேட் ஆகியவை இந்த வகை. ஈரத்தைப் பிடித்துவைக்கும், உறுத்தலைக் குறைக்கும். பென்ஸால்கோனியம் குளோரைடு சேர்த்த சீசாவை ஒரு நாளைக்கு நான்கைந்து முறைக்கு மேல் தொடர்ந்து போட்டால் அந்தப் பதப்படுத்தியே கண்ணின் மேற்பரப்பைப் புண்ணாக்கும். அடிக்கடி போட வேண்டியவர்கள் மருத்துவரிடம் கேட்டுப் பதப்படுத்தி இல்லாத, அதற்கேற்ற குப்பியில் வருவதை வாங்க வேண்டும். விலை கூடுதல்தான். எந்த வகையானாலும் சாதாரண சீசாவைத் திறந்த நாளை அதன் மேலேயே பேனாவால் எழுதி வைத்து, ஒரு மாதத்தில் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இரண்டாவது சிவப்பு நீக்கி. நாஃபசோலின் போன்றவை ரத்தக் குழாய்களைச் சுருக்கிக் கண்ணை வெள்ளையாக்கும். மருந்தின் வேகம் அடங்கியதும் குழாய்கள் முன்னைவிட அதிகமாக விரியும். மறுபடி மருந்து, மறுபடி சிவப்பு. கண் உலர்வுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

மூன்றாவது ஆன்டிபயாட்டிக். கிருமி இல்லாத இடத்தில் இதற்கு வேலை இல்லை. கண் சிவந்தாலே ‘மெட்ராஸ் ஐ’ என்று முடிவுகட்டி இதை வாங்குகிறவர்கள் ஏராளம்.

நான்காவது ஸ்டீராய்டு, அல்லது ஆன்டிபயாட்டிக்கோடு ஸ்டீராய்டு கலந்தது. போட்ட அன்றே சொர்க்கம் மாதிரி இருக்கும். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து, ஆனாலும் பழைய சீட்டையோ பழைய பெட்டியையோ காட்டினால் கிடைத்துவிடுகிறது. மாதக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு பட்டுப்போகும், புரை வளரும். கல்தூள் கீறிய கண்ணில் பூஞ்சைப் புண் இருந்து அதன் மேல் இதைப் போட்டால் கருவிழி கரைந்துகொண்டே போகும். மருத்துவர் கண்காணிப்பில் சில நாட்கள் போடுவது வேறு. சிற்பக்கூடத்தில் ஒருவர் சீசாவை நான்கு பேர் பங்கு போட்டுக்கொள்வது வேறு.

வீட்டு வைத்தியத்தையும் சொல்லியாக வேண்டும். தாய்ப்பால், தேன், பன்னீர், நந்தியாவட்டைப் பூச்சாறு, விளக்கெண்ணெய் ஆகியவற்றைக் கண்ணில் விடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. விளக்கெண்ணெயைப் பாட்டிகள் தேர்ந்தெடுத்ததில் விவரம் இல்லாமல் இல்லை. சைக்ளோஸ்போரின் கண் மருந்து ஒன்றில் கரைப்பானாக இருப்பதே சுத்திகரித்த ஆமணக்கு எண்ணெய்தான். ஆனால் ஆலையில் கிருமி நீக்கிய எண்ணெய் வேறு, அடுக்களை அலமாரி எண்ணெய் வேறு. இமையின் வெளித்தோலில் தடவுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கண்ணுக்குள் விட வேண்டாம்.

சமாளிப்பது எப்படி?

முதல் வேலை, எந்த வகை உலர்வு என்று தெரிந்துகொள்வது. இதற்குப் பெரிய இயந்திரம் ஒன்றும் வேண்டாம். கண்ணில் மஞ்சள் சாயம் தொட்டு நீல ஒளியில் பார்த்தால், கடைசியாக இமைத்ததிலிருந்து எத்தனை வினாடியில் படலம் உடைகிறது என்று தெரியும். பத்து வினாடிக்குள் உடைந்தால் படலம் நிலையாக இல்லை. ஜெர்மன் மருத்துவர் ஓட்டோ ஷிர்மர் 1903-இல் சொன்ன சோதனையும் இன்றுவரை நடக்கிறது. கீழிமையில் ஒரு காகிதப் பட்டையைச் செருகி ஐந்து நிமிடம் விடுவார்கள். ஐந்து மில்லிமீட்டர்கூட நனையவில்லை என்றால் நீர்ச் சுரப்பே மோசம். இமை ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்தால் கொழுப்பு தெளிந்த எண்ணெயாக வருகிறதா, பற்பசை மாதிரி கட்டியாக வருகிறதா என்று மருத்துவருக்குத் தெரிந்துவிடும்.

கட்டியாக வருகிறவர்களுக்கு, அதாவது பெரும்பாலோருக்கு, சொட்டு மருந்தைவிட ஒத்தடம் முக்கியம். சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துச் சூடு பார்த்து, மூடிய இமைகளின் மேல் ஐந்து முதல் பத்து நிமிடம். துணி சீக்கிரம் ஆறிவிடும், திரும்பத் திரும்ப நனைக்க வேண்டும். 40 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே இருந்தால்தான் உறைந்த கொழுப்பு இளகும். பிறகு சுத்தமான விரலால் மேலிமையை மேலிருந்து கீழாகவும், கீழிமையைக் கீழிருந்து மேலாகவும் மெதுவாக நீவிவிட வேண்டும். இமை ஓரத்தைப் பஞ்சால் துடைக்க வேண்டும். தினமும் செய்ய வேண்டும். ஒரு வாரம் செய்துவிட்டு “கேட்கவில்லை” என்று விடுவதுதான் நடக்கிறது. கண் மையை இமையின் உள்விளிம்பில் தீட்டுகிறவர்கள் அதை நிறுத்த வேண்டும். சுரப்பியின் வாய் அங்கேதான் இருக்கிறது.

வேலை இடத்தில் திரையைக் கண் மட்டத்துக்குக் கீழே இறக்குங்கள். கீழ்நோக்கிப் பார்க்கும்போது இமை பாதி மூடியிருக்கும், ஆவியாகும் பரப்பு குறையும். ஏ.சி. காற்று நேராக முகத்தில் அடிக்கும் இருக்கையை மாற்றிக் கேளுங்கள். 20 நிமிடத்துக்கு ஒரு முறை 20 அடி தூரத்தில் உள்ளதை 20 வினாடி பார்ப்பது நல்ல பழக்கம். அப்போதே கண்ணை இறுக்கி முழுதாக நான்கைந்து முறை மூடித் திறந்தால் இன்னும் நல்லது. இரண்டு சக்கர வண்டியில் கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ ஜி.எஸ்.டி. சாலையிலோ போகிறவர்கள் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போகலாம். கத்தரி வெயில் இரவுகளில் டேபிள் ஃபேனை முகத்துக்கு நேராக வைத்துத் தூங்கிவிட்டு, காலையில் கண் திறக்க முடியவில்லை என்பவர்கள் ஃபேனைக் காலடிக்குத் திருப்பிப் பாருங்கள். தூக்கத்தில் இமை முழுதாக மூடாதவர்கள் பலர். அவர்களுக்கே அது தெரியாது.

மீன் சாப்பிட்டால் சரியாகுமா என்று இந்தக் கரையில் கேட்பார்கள். மத்தியும் கானாங்கெளுத்தியும் கொழுப்பு நிறைந்த நல்ல உணவு, தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் ஒமேகா-3 மாத்திரையை மாதக்கணக்கில் வாங்கி விழுங்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும். அமெரிக்காவில் 535 பேரிடம் ஓராண்டு நடந்து 2018-இல் வெளியான ‘ட்ரீம்’ ஆய்வில், தினம் 3,000 மில்லிகிராம் மீன் எண்ணெய் சாப்பிட்டவர்களுக்கும் ஒப்பீட்டுக்காக ஆலிவ் எண்ணெய் சாப்பிட்டவர்களுக்கும் கண் உலர்வில் வித்தியாசம் தெரியவில்லை. அந்தப் பணத்தில் நல்ல சொட்டு மருந்து வாங்கலாம்.

குழந்தை கண்ணைக் கசக்கிக்கொண்டு, மாலையானால் தடுமாறி நடந்தால் அது வேறு நோய். வைட்டமின் ஏ குறைவு. அதற்குச் செயற்கைக் கண்ணீர் மருந்தல்ல. அங்கன்வாடி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கும் வைட்டமின் ஏ திரவத்தைத் தவறவிடாதீர்கள். 1990-இல் வெளியான ஓர் ஆய்வில், திருச்சி மாவட்டத்துச் சிறு குழந்தைகளுக்கு வாரம் ஒரு முறை சிறிய அளவில் வைட்டமின் ஏ கொடுத்தபோது இறப்பே 54 சதவீதம் குறைந்தது.

மேலே சொன்னவற்றுக்கும் அடங்காத உலர்வுக்கு அடுத்த படிகள் இருக்கின்றன. கண்ணீர் வடிந்து போகும் துவாரத்தைச் சின்னஞ்சிறு அடைப்பானால் மூடி, இருக்கும் ஈரத்தைத் தேக்கலாம். அழற்சியைக் குறைக்கும் சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்து இருக்கிறது. அது வேலை செய்ய மாதங்கள் ஆகும். முதல் வாரங்களில் எரிச்சல்கூடக் கூடும். அதைச் சொல்லாமல் எழுதிக் கொடுத்தால் நோயாளி இரண்டாம் வாரமே நிறுத்திவிடுவார்.

இதன் கடைசி எல்லை ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோய். சல்ஃபா, சில வலிப்பு மாத்திரைகள் போன்றவை சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் உடல் முழுக்கத் தோல் வெந்தது போல உரியும். உயிர் பிழைத்தாலும் கண்ணீர்ச் சுரப்பிகள் வடுவாகி, கண் முற்றிலும் காய்ந்து, சிலருக்குப் பார்வையே போய்விடும். அந்த வறண்ட கண்ணில் தானமாகப் பெற்ற கருவிழியும் நிற்காது. இத்தாலியின் பெனடெட்டோ ஸ்ட்ராம்பெல்லி 1960-களில் தொடங்கிவைத்த முறைப்படி, நோயாளியின் சொந்தப் பல்லை எலும்போடு எடுத்து, அதில் சிறிய வில்லையைப் பொருத்திக் கண்ணில் வைக்கிறார்கள். டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத் 1978-இல் தொடங்கிய சென்னை சங்கர நேத்ராலயாவில் இந்த அறுவை நடக்கிறது.

-----------------------------
பெட்டிச் செய்தி: இவை இருந்தால் கடைக்குப் போகாதீர்கள், உடனே மருத்துவரிடம் போங்கள்

கடுமையான வலி. வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை. பார்வை மங்குதல். கருவிழியில் வெள்ளைப் புள்ளி. மஞ்சள், பச்சைப் பீளை. கல் சில்லோ இரும்புத் தூளோ தெறித்த பிறகு தொடரும் உறுத்தல். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவருக்குத் திடீர்ச் சிவப்பு. புதிய மாத்திரை தொடங்கிய சில நாளில் காய்ச்சல், வாய்ப்புண்ணோடு கண் சிவப்பு.
-----------------------------

எங்கே போவது? 1965-இல் தொடங்கிய செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது. சாயச் சோதனையும் காகிதப் பட்டைச் சோதனையும் எந்தக் கண் பிரிவிலும் செய்யக்கூடியவை. மேல் சிகிச்சை வேண்டுமானால் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை. 1819-இல் தொடங்கியது, உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. போகும்போது தற்போது விழுங்கும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும், கண்ணில் விட்டுவந்த எல்லாச் சீசாக்களையும், காலியானவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். “சிவப்பு மூடி போட்ட டிராப்ஸ்” என்று சொன்னால் மருத்துவரால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. எந்த நேரத்தில் எரிச்சல் அதிகம், காலையில் எழுந்ததுமா, சாயங்காலம் வேலை முடியும்போதா என்பதையும் குறித்து வையுங்கள். காலையில் அதிகம் என்றால் இமைச் சுரப்பியையும் தூக்கத்தில் மூடாத இமையையும் முதலில் பார்ப்பார்கள். சாயங்காலம் என்றால் முதலில் வேலையைப் பற்றி விசாரிப்பார்கள்.